டிக்கெட் காசால் மட்டும் ஓடவில்லை: சான் பிரான்சிஸ்கோவின் பழைய டிராமுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

பே ஏரியாவில் வேலை பார்க்கும் அண்ணனோ கல்லூரித் தோழியோ உங்களுக்கு இருந்தால் அந்த போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். செங்குத்தான ரோடு, தூரத்தில் நீலக் கடல், நடுவில் மரப்பெட்டி மாதிரி ஒரு வண்டி. அதன் படியில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி நம்ம ஆள். நம்ம ஊரில் ஃபுட்போர்டு அடித்தால் கண்டக்டர் விசில் ஊதுவார். அங்கே அதற்குக் காசு வாங்குகிறார்கள்; 2020-ல் அது 8 டாலராக இருந்தது.

அந்த வண்டி முதலில் ஓடியது 1873-ல். அதே ஆண்டில்தான் கொல்கத்தாவிலும் முதல் குதிரை டிராம் ஓடியது. 151 ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில், ஒரு சிறிய பாரம்பரியத் தடத்தைத் தவிர மற்ற டிராம் சேவைகளை நிறுத்தப்போவதாக மேற்கு வங்கப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். சான் பிரான்சிஸ்கோவிலோ மூன்று கேபிள் கார் தடங்கள் இன்னும் ஓடுகின்றன.

வித்தியாசம் எங்கே? அவர்களுக்கு டிராம் மேல் நம்மைவிடப் பாசம் அதிகமா? இல்லை. ஒவ்வொரு ஆண்டும் அந்தச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு அந்த நகரம் எழுத்துபூர்வமாக ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதிலுக்கும் இப்போது சோதனை வந்திருக்கிறது. விஷயத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேபிள் கார் என்றால் ரோப் காரா?

பெயரைக் கேட்டதும் பழனி ரோப் கார் ஞாபகம் வரும். ஆனால் இது அந்தரத்தில் போவதில்லை. பழனியிலேயே இருக்கும் விஞ்ச்தான் இதற்கு நெருங்கிய சொந்தம். அது தண்டவாளத்தில் நிற்கும் பெட்டியைக் கம்பிவடம் இழுப்பது.

ஒரு வித்தியாசம் உண்டு. பழனி விஞ்சில் வடம் பெட்டியோடு நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கும். சான் பிரான்சிஸ்கோவில் வடம் ரோட்டுக்கு அடியில் மணிக்கு சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். வண்டியில் இருக்கும் 'கிரிப்மேன்' ஒரு பெரிய நெம்புகோலை இழுத்தால், இடுக்கி மாதிரியான கருவி அந்த வடத்தைப் பிடிக்கும், வண்டி நகரும். விட்டால் வடம் தன்பாட்டுக்குப் போகும், பிரேக் போட்டால் வண்டி நிற்கும். வண்டியில் மோட்டாரே கிடையாது. நகரத்தில் உள்ள ஒரே பவர்ஹவுஸில் இருக்கும் மின் மோட்டார்கள்தான் எல்லா வடங்களையும் இழுக்கின்றன.

இதோடு அந்த நகரத்தில் இன்னொரு பழைய சேவையும் இருக்கிறது. அதன் பெயர் 'எஃப் லைன்'. மேலே மின்கம்பியில் கரன்ட் எடுத்து ஓடும் சாதாரண டிராம்தான். ஆனால் வண்டிகள் எல்லாம் பழசு. 1928 வாக்கில் இத்தாலியின் மிலான் நகரத்துக்காகக் கட்டிய ஆரஞ்சு நிற டிராம்கள், 1940-களில் அமெரிக்காவில் செய்த வண்டிகள் என ஓடும் அருங்காட்சியகம் அது. மார்க்கெட் ஸ்ட்ரீட் வழியாகப் போய், கடலோரமாகத் திரும்பி, ஃபிஷர்மேன்ஸ் வார்ஃப் என்ற மீன்பிடித் துறை வரை போகும்.

இரண்டையும் நடத்துவது நகரின் போக்குவரத்து முகமையான எஸ்.எஃப்.எம்.டி.ஏ. மக்கள் அதன் பேருந்து, ரயில் சேவையை 'முனி' என்று கூப்பிடுகிறார்கள்.

இதை மூடப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். ஒரு தடவை அல்ல.

1947-ல் மேயர் ரோஜர் லாபம், நகரத்துக்குச் சொந்தமான கேபிள் கார்களை நிறுத்திவிட்டுப் பேருந்து விடலாம் என்றார். காரணம் நாம் எல்லோரும் கேட்டுப் பழகியதுதான்: பழசு, நஷ்டம், பேருந்து மலிவு. ஃப்ரீடல் கிளஸ்மன் என்ற பெண்மணி, பெண்கள் அமைப்புகளைத் திரட்டி எதிர்த்து நின்றார். கேபிள் கார் நகரத்துக்குக் கொண்டுவரும் பெயரும் வருமானமும் அதன் நஷ்டத்தைவிடப் பெரியது என்பது அவர்கள் தரப்பு வாதம். அந்த நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கேபிள் கார் ஜெயித்தது.

அடுத்தது 1951. கலிஃபோர்னியா ஸ்ட்ரீட் தடத்தை அப்போது ஒரு தனியார் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தது. இன்சூரன்ஸ் கட்ட முடியாமல் அது வண்டிகளை நிறுத்தியது. 1952-ல் நகராட்சி அந்தத் தடங்களை விலைக்கு வாங்கி மறுபடியும் ஓட்டியது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. 1954-ல் நடந்த இன்னொரு வாக்கெடுப்பில் அதே மக்கள் தடங்களைக் குறைக்கச் சம்மதித்தார்கள். பழைய தடங்களில் கணிசமான பகுதி அப்போது போனது. இன்று மிஞ்சியிருக்கும் மூன்று தடங்களின் வடிவம் 1957-ல் வந்தது. வாக்கு காப்பாற்றும், அதே வாக்கு கைவிடவும் செய்யும்.

1964-ல் கேபிள் காருக்குத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது. ஆனால் உண்மையான பூட்டு போடப்பட்டது 1971-ல். நகரின் சாசனத்திலேயே ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். 1971-ல் இருந்த அளவைவிடக் கேபிள் கார் சேவையைக் குறைக்க வேண்டுமானால் மக்களிடம் வாக்கு கேட்டாக வேண்டும்.

சின்னம் என்ற அந்தஸ்து, இது முக்கியமானது என்று சொல்கிறது. சாசனத் திருத்தம், இதை ஓட்டியே ஆக வேண்டும் என்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் பெரியது.

சரி, பணம் எங்கிருந்து வருது?

ஆபீஸில் கேப்பெக்ஸ், ஓப்பெக்ஸ் என்று பேசிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பழைய டிராமுக்கு ஆகும் செலவு இரண்டு வகை. ஒன்று, கட்டுவது அல்லது புதுப்பிப்பது. மற்றொன்று, தினமும் ஓட்டுவது.

முதல் வகைக்குப் பணம் திரட்டுவது ஓரளவுக்குச் சுலபம். 1979-ல் அவசரப் பழுதுபார்ப்புக்காகச் சேவையை நிறுத்த வேண்டி வந்தது. மொத்த அமைப்பும் தேய்ந்துபோயிருந்தது. 1982 செப்டம்பரில் மூடி, தண்டவாளம், வடம் ஓடும் பாதை, பவர்ஹவுஸ் என எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினார்கள். செலவு சுமார் 6 கோடி டாலர். பெரும்பங்கு அமெரிக்க மத்திய அரசு கொடுத்தது. டயான் ஃபைன்ஸ்டைன் மேயராக இருந்த காலம் அது. தனியாரிடமிருந்தும் நன்கொடை திரட்டினார்கள். 1984 ஜூனில் வண்டி மறுபடியும் ஓடியது.

இந்த மாதிரி வேலைக்குப் பணம் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அடிக்கல் நாட்டலாம், திறப்பு விழா நடத்தலாம், பெயர்ப் பலகை வைக்கலாம்.

இரண்டாவது வகைதான் கழுத்தைப் பிடிப்பது. ஒவ்வொரு கேபிள் காரிலும் கிரிப்மேன், கண்டக்டர் என இரண்டு பேர் வேண்டும். மரத்தால் செய்த பிரேக் கட்டைகள் சில நாட்களிலேயே தேய்ந்துபோகும். வடத்தைப் பிடிக்கும் இடுக்கியின் உலோகப் பகுதிக்கும் அதே கதி. வடத்தையே சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் யாரும் ரிப்பன் வெட்ட வரமாட்டார்கள். ஆனால் ஒரு மாதம் விட்டால் வண்டி நின்றுவிடும்.

எஸ்.எஃப்.எம்.டி.ஏ. இந்தச் செலவைத் தன் மொத்த பட்ஜெட்டிலிருந்து பார்க்கிறது. அந்த பட்ஜெட்டுக்கு முக்கியமாக நான்கு வழிகளில் பணம் வருகிறது:

- பயணக் கட்டணம்
- பார்க்கிங் கட்டணமும் அபராதமும் (நகரின் பார்க்கிங் நிர்வாகமும் இதே முகமையிடம்தான் இருக்கிறது)
- நகராட்சியின் பொது நிதி
- மாநில, மத்திய, வட்டார மானியங்கள்

இதுபோக, போக்குவரத்துக் கட்டுமானங்களுக்கென்று நகரில் அரை சதவீத விற்பனை வரி உண்டு. அதை 30 ஆண்டுகளுக்கு நீட்டிக்க 2022 நவம்பரில் மக்கள் வாக்களித்தார்கள்.

அதாவது மலையில் டவுன்டவுனுக்குப் பக்கத்தில் காரை நிறுத்துகிறவர் கட்டும் பார்க்கிங் காசிலும் ஒரு துளி, அந்த மரப்பெட்டியை மேலே ஏற்றுகிறது.

8 டாலர் ரொம்ப அதிகம் இல்லையா?

அது வேண்டுமென்றே வைத்த விலை. 2020-ல் கேபிள் கார் டிக்கெட் 7 டாலரிலிருந்து 8 டாலராக ஏறியது. அப்போது முனி பேருந்தில் ரொக்கமாகக் கொடுத்தால் 3 டாலர்தான். சுற்றுலா வந்தவர் ஒரு தடவை ஏறுவார், அந்த விலையைக் கொடுப்பார், போட்டோ எடுப்பார், போவார். உள்ளூர்க்காரர் முனி மாத பாஸ் வைத்திருந்தால் அதையே காட்டி ஏறலாம்.

ஒரே வண்டியில் இரண்டு விலை. ஆனால் 'வெளியூர்க்காரருக்கு இவ்வளவு' என்று போர்டு எழுதவில்லை, பாஸ் மூலமாகவே அந்த வேலை நடக்கிறது. எஃப் லைனில் இந்த ஏற்பாடு கிடையாது. அங்கே பேருந்துக் கட்டணமேதான், அதை உள்ளூர் மக்கள் அன்றாட வேலைக்கும் பயன்படுத்துகிறார்கள்.

இப்படி வாங்கியும் கட்டணம் மொத்தச் செலவையும் ஈடுகட்டுவதில்லை. உலகில் பெரும்பாலான பொதுப் போக்குவரத்துக்கு இதுதான் நிலை. ஆகவே 'லாபம் வருதா?' என்ற கேள்வி இங்கே உதவாது. 'நஷ்டத்தை யார் தாங்குவது, எதற்காகத் தாங்குவது?' என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

நன்கொடையும் தன்னார்வலர்களும் எவ்வளவு தாங்குவார்கள்?

எஃப் லைன் பிறந்த கதை இதற்கு நல்ல உதாரணம். 1982-ல் கேபிள் கார் மூடியதும், சுற்றுலாப் பயணிகளுக்கு ஏதாவது வேண்டுமே என்று 1983 கோடையில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் பழைய டிராம்களை வைத்து ஒரு திருவிழா நடத்தினார்கள். கூட்டம் அள்ளியது. தற்காலிக ஏற்பாடு 1987 வரை நீடித்தது. 1995 செப்டம்பரில் எஃப் லைன் நிரந்தரச் சேவையானது. 2000-ல் மீன்பிடித் துறை வரை நீண்டது.

இதற்குப் பின்னால் மார்க்கெட் ஸ்ட்ரீட் ரயில்வே என்ற லாபநோக்கற்ற அமைப்பு இருக்கிறது. பழைய வண்டிகளைத் தேடிக் கொண்டுவருவது, சிலவற்றைச் சீரமைக்க உதவுவது, சின்ன அருங்காட்சியகம் நடத்துவது, முகமையிடம் விடாமல் கேள்வி கேட்பது எல்லாம் அதன் வேலை. உறுப்பினர் சந்தாவும் நன்கொடையும் அதற்கு வருமானம்.

ஆனால் வண்டியை ஓட்டுவது அவர்கள் இல்லை. ஓட்டுநர் சம்பளம், மின்சாரம், அன்றாடப் பராமரிப்பு எல்லாம் முனியின் பொறுப்பு. பாத்திரம் யார் தேய்ப்பது, அரிசி யார் வாங்குவது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்ட கூட்டுக்குடும்பம் மாதிரி. ஆர்வலர்களிடம் முழுச் சுமையையும் கொடுத்திருந்தால் அவர்கள் எப்போதோ களைத்துப்போயிருப்பார்கள்.

பணத்தைப் போலவே கைத்திறனும் ஒரு சொத்து. கேபிள் காருக்குக் கடையில் உதிரிபாகம் கிடைக்காது. முனியின் சொந்தப் பட்டறையில் தச்சர்களும் உலோகத் தொழிலாளர்களும் வண்டிகளைக் கட்டுகிறார்கள், பழையதைப் புதுப்பிக்கிறார்கள். நம் நீலகிரி மலை ரயிலும் இதே வழியில்தான் பிழைத்தது. அதற்கான புதிய நீராவி எஞ்சின்களைத் திருச்சி பொன்மலை பணிமனையில் நம் தொழிலாளர்களே கட்டினார்கள். செய்யத் தெரிந்த கடைசி ஆள் ரிட்டையர் ஆவதற்கு முன்னால் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கும் பட்ஜெட்டில் இடம் வேண்டும்.

கடற்கரை ஊர் என்பதால் தனிச் சிக்கல் உண்டா?

உண்டு. டெக்சாஸ் கடலோரத்தில் கால்வெஸ்டன் என்று ஒரு தீவு நகரம். 1988-ல் அங்கே பழைய பாணி டிராம் விட்டார்கள். 2008 செப்டம்பரில் ஐக் புயல் அடித்தது. கடல்நீர் ஊருக்குள் புகுந்து வண்டிகளையும் தண்டவாள அமைப்பையும் பாழாக்கியது. மறுபடியும் டிராம் ஓட 2021 ஆனது. நடுவில் 13 ஆண்டுகள்.

இன்னொரு உதாரணம் லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தை ஒட்டிய சான் பெட்ரோ. அந்த ஊரின் பழைய 'ரெட் கார்' டிராமைத் துறைமுக நிர்வாகம் 2003-ல் திரும்பக் கொண்டுவந்தது. கடலோர மேம்பாட்டு வேலைகள் வந்தபோது 2015-ல் அதுவே நிறுத்தியது. பணம் ஒரே இடத்திலிருந்து வந்தால், அந்த ஒரு இடத்தின் முன்னுரிமை மாறும் அன்று கதை முடிந்துவிடும்.

இப்போது என்ன பிரச்சினை?

கோவிட் வந்தபோது, 2020 மார்ச்சில், கேபிள் கார் நின்றது. திறந்த வண்டியில் ஊழியர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்பது ஒரு காரணம். 2021 ஆகஸ்டில் திரும்பியது. முதல் மாதம் இலவசமாக ஓட்டினார்கள்.

வண்டி திரும்பியது, ஆனால் அலுவலகங்களுக்குக் கூட்டம் பழையபடி திரும்பவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நம்மில் பலருக்கு வசதியாக இருக்கும் அதே வழக்கம், டவுன்டவுனை நம்பிய முனியின் டிக்கெட் வருமானத்தையும் பார்க்கிங் வருமானத்தையும் ஒரே நேரத்தில் அடித்தது. கோவிட் கால மத்திய உதவியும் தீர்ந்துகொண்டே வந்தது. 2026 ஜூலையில் தொடங்கும் நிதியாண்டில் 30 கோடி டாலருக்கும் மேல் பற்றாக்குறை வரும் என்று எஸ்.எஃப்.எம்.டி.ஏ. கணித்தது. இதைச் சமாளிக்க, பே ஏரியாவின் ஐந்து கவுன்டிகளில் புதிய விற்பனை வரியை 2026 நவம்பர் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக வழிசெய்யும் மாநிலச் சட்டம் 2025-ல் வந்தது. சான் பிரான்சிஸ்கோவுக்கு 1 சதவீதம், மற்ற நான்குக்கும் அரை சதவீதம் என்பது திட்டம்.

இங்கேதான் கஷ்டமான கேள்வி எழுகிறது. கேபிள் காரைக் குறைக்க முடியாது என்று சாசனம் சொன்னால், பணம் பற்றாதபோது வேறு எங்கே குறைப்பார்கள்? இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் நர்ஸ் ஏறும் பேருந்திலா? சுற்றுலாப் பயணியின் போட்டோவுக்காக அவர் அரைமணி கூடுதலாக நிற்க வேண்டுமா?

இது நியாயமான கேள்வி. சட்டப் பாதுகாப்பு சேவைக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. பணத்துக்குத் தருவதில்லை. பணத்துக்குத் தனி வழி இல்லையென்றால், பாரம்பரியத்தின் செலவு சத்தமில்லாமல் சாதாரணப் பயணியின் தலையில் விழும். கேபிள் காரால் அதிகம் சம்பாதிப்பது ஹோட்டல்களும் கடைகளும்தான் என்றால், அந்தப் பங்கை அங்கிருந்து எப்படி வாங்குவது என்று வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1953-க்குப் போவோம். அந்த ஆண்டு ஜூலையில் கொல்கத்தா டிராமின் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா ஏறியது. நகரமே கொந்தளித்தது. தெருவில் இறங்கிப் போராடினார்கள், உயர்வு நிறுத்தப்பட்டது. தினக்கூலிக்காரருக்கு ஒரு பைசாவும் பெரிய காசுதான், கோபம் நியாயமானது. ஆனால் டிக்கெட்டையும் ஏற்ற முடியாது, வேறு வருமானமும் இல்லை என்றால் பராமரிப்புதான் பலியாகும். பின்னாளில் மாநில அரசு அந்த பிரிட்டிஷ் கம்பெனியை எடுத்துக்கொண்டது. இருந்தும் தடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, 2024-ல் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தன. ஆர்வலர்கள் வழக்கு போட்டார்கள், விவகாரம் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

அதே 1953 ஏப்ரலில் சென்னையிலும் ஒன்று நடந்தது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடியது மெட்ராஸில்தான், 1895-ல். மின்ட் தெருவிலும் பாரிமுனையிலும் மவுண்ட் ரோட்டிலும் ஓடிய அந்த டிராமை நடத்திய கம்பெனி நஷ்டத்தில் மூழ்கியது. வண்டிகள் நின்றன. திரும்ப ஓடவே இல்லை.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1952-ல் ஒரு கடற்கரை நகரம், நொடித்துப்போன டிராம் தடங்களை விலைக்கு வாங்கி ஓட்டியது. 1953-ல் இன்னொரு கடற்கரை நகரம் அதைப் போகவிட்டது. அப்போதுதான் சுதந்திரம் பெற்ற நாட்டில் பள்ளி, மருத்துவமனை, குடிநீர் என்று அவசரங்கள் ஆயிரம் இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் தண்டவாளத்தைப் பிடுங்கிய பிறகு மனம் மாறினால், மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். ஓட்டிக்கொண்டே இருப்பதைவிட அதற்குப் பல மடங்கு ஆகும்.

ஒரு பழைய சேவை பிழைக்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த முறை 'பாரம்பரியச் சேவையைக் காப்போம்' என்று ஒரு அறிவிப்பு வந்தால், அது கொல்கத்தாவோ ஊட்டியோ, இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

1. புதுப்பிக்க ஒதுக்கிய தொகை தவிர, ஆண்டுதோறும் ஓட்டுவதற்கு எவ்வளவு, யாரிடமிருந்து?
2. அந்தப் பணம் ஒரே கையிலிருந்து வருகிறதா, பல வழிகளிலிருந்தா?
3. சேவையை நிறுத்த வேண்டுமானால் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா, அல்லது ஒரு அறிக்கை போதுமா?
4. வெளியூர்க்காரர் கூடுதலாகக் கொடுக்கும்போது உள்ளூர்க்காரர் தினமும் ஏற முடிகிறதா?
5. பழுதுபார்க்கும் பட்டறையில் இளைஞர்கள் வேலை கற்கிறார்களா?

ஐந்துக்கும் பதில் இருந்தால் அந்த வண்டி ஓடும். முதல் கேள்விக்கே 'பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால், நேரம் கிடைக்கும்போது ஒரு தடவை போய் ஏறிவிட்டு வந்துவிடுங்கள்.